லண்டனிலிருந்து ஊர் மாநாட்டுக்கு: தொண்டர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் 26 குறிப்புகள்

2024 அக்டோபர் 27. விக்கிரவாண்டி பக்கத்தில் வி.சாலையில் தமிழக வெற்றிக் கழகத்தின் (த.வெ.க.) முதல் மாநில மாநாடு. ‘வெற்றிக் கொள்கைத் திருவிழா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஈஸ்ட் ஹாமில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து என் கணவர் புது லெதர் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினார். மாநாடு முடிந்து மறுநாள் விடியற்காலை திண்டிவனத்தில் என் தம்பி வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது காலில் இருந்தவை யாருடையதோ ரப்பர் செருப்புகள். இரண்டுமே இடதுகால் செருப்பு. “என்னங்க பேசினாங்க?” என்று போனில் கேட்டேன். “சரியா காதுல விழல. யூடியூப்ல பார்த்துக்கலாம்” என்றார்.

எட்டாயிரம் கிலோமீட்டர் பறந்து போய் யூடியூபில் பார்ப்பதா? அன்றைக்கு எழுத ஆரம்பித்த பட்டியல் இது. நீங்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் உதவும். போவது கொள்கையைக் கேட்க. கேட்டுவிட்டுக் கை கால் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும். எல்லாக் குறிப்பும் அந்த இரண்டுக்காகத்தான்.

டிக்கெட் போடும் முன்

1. மாநாட்டுத் தேதி கல்யாணத் தேதி அல்ல, மாறும். விக்கிரவாண்டி மாநாடு முதலில் செப்டம்பர் 23 என்று பேசப்பட்டு, ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப்போனது. மதுரை பாரபத்தியில் நடந்த இரண்டாவது மாநாடு 2025 ஆகஸ்டு 25 என்று அறிவிக்கப்பட்டு 21ஆம் தேதிக்கு முன்னால் வந்தது. தி.மு.க. இளைஞரணியின் சேலம் மாநாடு மிக்ஜாம் புயலால் 2023 டிசம்பரிலிருந்து 2024 ஜனவரி 21க்குப் போனது. அதனால் தேதி மாற்றிக்கொள்ள வசதியுள்ள டிக்கெட்டாக வாங்குங்கள். முன்னால் மூன்று நாள், பின்னால் மூன்று நாள் இடைவெளி விடுங்கள்.

2. மாநாட்டுக்காக மட்டும் போகாதீர்கள். விக்கிரவாண்டி மாநாடு முடிந்த நான்காம் நாள் தீபாவளி. இங்கே பள்ளிகளுக்கு அக்டோபர் அரைப்பருவ விடுமுறையும் அதை ஒட்டித்தான். அம்மாவைப் பார்ப்பது, பட்டா வேலை, பல் டாக்டர் என்று நாலு காரியத்தைச் சேர்த்துக்கொண்டால், மாநாடு தள்ளிப்போனாலும் டிக்கெட் பணம் வீணாகாது.

3. உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று யோசியுங்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசா வாங்கிப் போகிறவர்கள் அரசியலில் இறங்கக்கூடாது. 2019 தேர்தலில் மேற்கு வங்கத்தில் பிரசாரம் செய்த வங்கதேச நடிகர் ஃபெர்தோஸ் அகமதின் விசாவை ரத்து செய்து, நாட்டை விட்டுப் போகச் சொன்னார்கள். அதே ஆண்டு டிசம்பரில், போராட்டத்தில் கலந்துகொண்ட சென்னை ஐ.ஐ.டி.யின் ஜெர்மன் மாணவர் ஒருவரும் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அது குடியுரிமை ஆகாது. மேடை, மைக், பிரசார வேன் பக்கமே போக வேண்டாம்.

4. நன்கொடைக்கும் இதே கணக்கு. பிரிட்டிஷ் குடிமகன் தரும் பணம் இந்தியச் சட்டத்தில் வெளிநாட்டுப் பணம். அரசியல் கட்சிகள் அதை வாங்கக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தரலாம், ஆனால் வங்கி வழியாகத் தந்து ரசீது வாங்குங்கள். “அண்ணே, லண்டன்ல இருந்து வந்திருக்கீங்க” என்று யாராவது ஆரம்பித்தால் டீ வாங்கிக் கொடுங்கள். அதோடு நிறுத்துங்கள்.

5. ஊரில் பிறந்தவர்தானே, தண்ணீர் ஒத்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். பத்து வருடம் லண்டன் குழாய்த் தண்ணீர் குடித்த வயிறு ஊரை மறந்திருக்கும். டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசிகள் என்.எச்.எஸ்.ஸில் இலவசம். ஆறு முதல் எட்டு வாரம் முன்னதாக உங்கள் ஜி.பி.யிடம் கேளுங்கள்.

6. யார் போக வேண்டாம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கர்ப்பிணிகள், பள்ளிப் பிள்ளைகள், முதியவர்கள், நெடுநாள் உடம்பு சரியில்லாதவர்கள் வர வேண்டாம் என்று விக்கிரவாண்டி மாநாட்டுக்கு முன்னால் கட்சித் தலைவர் விஜய்யே கடிதம் எழுதினார். அவர் சொன்னதைக் கேட்பதும் தொண்டர் வேலைதான். பிள்ளைகளைத் தாத்தா வீட்டில் விடுங்கள்.

லண்டன் வீட்டில்

7. அக்டோபர் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும் நாள். விக்கிரவாண்டி மாநாடு அதே நாளில்தான் நடந்தது. சுவிட்சில் மாட்டும் டைமருக்கு இதெல்லாம் தெரியாது. கிளம்பும்போது மாலை ஐந்தரைக்கு ஹால் விளக்கு எரியும்படி வைத்தால், நேரம் மாறிய பிறகு நாலரைக்கு எரியும். அப்போது பொழுது சாய்வதும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். ஆகவே மாற்றி வைக்கத் தேவையில்லை.

8. உறைமோருக்கு ஒரு வழி. ஐஸ் தட்டில் குழிக்கு ஒரு ஸ்பூன் தயிர் ஊற்றி ஃப்ரீஸரில் வையுங்கள். திரும்பி வந்த அன்று ஒரு கட்டியை எடுத்து, கரைந்ததும் வெதுவெதுப்பான பாலில் விட்டால் மறுநாள் காலை தயிர் தயார். குப்பை வண்டி வரும் நாளில் தொட்டியை வெளியே வைத்து உள்ளே எடுக்கப் பக்கத்து வீட்டில் சொல்லிவிடுங்கள். வாசலிலேயே நிற்கும் தொட்டி, வீட்டில் ஆள் இல்லை என்று தெருவுக்கே சொல்லும்.

9. அதையே ஃபேஸ்புக்கில் நீங்களும் சொல்லாதீர்கள். ஹீத்ரோவில் கட்சித் துண்டோடு எடுத்த படத்தைத் திரும்பி வந்த பிறகு போடுங்கள்.

10. போகாதவர்களுக்கும் ஒரு குறிப்பு. ஊரில் மாலை நான்கு மணி என்றால் லண்டனில் குளிர்காலத்தில் காலை பத்தரை, கோடையில் பதினொன்றரை. ஞாயிறு காலை இட்லியோடு உட்காரச் சரியாக இருக்கும். ஆனால் தமிழ் நியூஸ் சேனலின் நேரலையை யூடியூபில் பார்த்தாலும் டி.வி. லைசென்ஸ் வேண்டும். சேனலில் ஒளிபரப்பாகும்போதே பார்த்தால், எந்தத் திரையில் பார்த்தாலும் அதே சட்டம்.

பெட்டி கட்டும்போது

11. எடுத்துப் போகக்கூடாத மூன்று: வேப், ட்ரோன், சாட்டிலைட் போன். மின் சிகரெட்டை இந்தியா 2019லேயே தடை செய்துவிட்டது. அனுமதியில்லாத சாட்டிலைட் போனுக்குக் கைது வரை போகும். கூட்டத்தை மேலிருந்து படம் எடுக்க ஆசைப்பட்டு மகன் ட்ரோனைத் துணிக்குள் சுருட்டி வைத்திருக்கலாம். பெட்டியை மூடும் முன் ஒரு தடவை கலைத்துப் பாருங்கள்.

12. பவர்பேங்க் கைப்பையில் மட்டும். செக்-இன் பெட்டியில் போட்டால் எடுத்துவிடுவார்கள். 20,000 எம்.ஏ.எச். வரை விமானத்தில் பிரச்சினை இல்லை. லண்டன் பிளக்கின் சதுரக் கம்பி ஊர் ப்ளக் பாயிண்டில் நுழையாது. இரண்டு பவுண்டு அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

13. காலுக்குக் கயிறு கட்டும் பழைய கேன்வாஸ் ஷூ. லெதரும் வேண்டாம், செருப்பும் வேண்டாம். தள்ளுமுள்ளில் செருப்பு கழன்றால் குனிந்து எடுக்கத் தோன்றும். அந்தக் குனிதல்தான் ஆபத்து. உடம்புக்கு வெளிர் நிறப் பருத்திச் சட்டை. கரைவேட்டி கட்டுகிறவர்கள் உள்ளே ஒரு அரைக்கால் டிரவுசர் போட்டுக்கொள்ளுங்கள். துண்டும் கொடியும் லண்டனிலிருந்து சுமந்து போக வேண்டியதில்லை. பந்தல் வாசலில் விற்கிறவரிடம் வாங்கினால் அவருக்கும் அன்றைக்கு வியாபாரம்.

14. பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாக ஐந்நூறு ரூபாய் தனியாக வையுங்கள். லட்சம் பேர் கூடும் இடத்தில் சிக்னல் படுத்துவிடும், ஜி-பே சுற்றிக்கொண்டே இருக்கும். தண்ணீர் பாட்டில்காரர் ஐந்நூறு ரூபாய்த் தாளுக்குச் சில்லறை தர மாட்டார்.

15. ஆறு மட்ட டீஸ்பூன் சர்க்கரை, அரை மட்ட டீஸ்பூன் உப்பு. இரண்டையும் கலந்து ஒரு சின்னப் பொட்டலமாகக் கட்டுங்கள். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரைத்தால் உப்புக்கரைசல் தயார். இப்படி மூன்று பொட்டலம் சட்டைப்பையில் இருக்கட்டும். விக்கிரவாண்டியிலும் பாரபத்தியிலும் வெயிலில் மயங்கி விழுந்தவர்கள் நிறைய. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தங்கள் அளவை ஜி.பி.யிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வழியில்

16. டிரைவர் தூங்கினாரா என்று கேட்டுவிட்டு வேனில் ஏறுங்கள். விக்கிரவாண்டி மாநாட்டுக்குக் கிளம்பிய சிலர் பந்தலையே பார்க்காமல் சாலை விபத்தில் இறந்துபோனார்கள். வேன் கூரையில் ஏறுவது, ஜன்னலில் உட்கார்ந்து கொடி பிடிப்பது, ஹெல்மெட் இல்லாமல் பைக்கில் மூன்று பேர் போவது எல்லாம் ‘எல்லாரும் பண்றாங்க’ வகை. லண்டனில் பெல்ட் போடாமல் கார் எடுக்காதவர், உளுந்தூர்பேட்டை வந்ததும் மாறிவிடக் கூடாது. இறங்கியதும் வேனின் நம்பர் பலகையையும், அது நிற்கும் இடத்தையும் சேர்த்துப் போட்டோ எடுங்கள். இரவில் எல்லா வேனும் வெள்ளை வேன்தான்.

17. சாப்பாடு வரும் என்று போகாதீர்கள்; வராது என்றும் முடிவு கட்டாதீர்கள். 2023 ஆகஸ்டு 20 அன்று மதுரை வலையங்குளத்தில் நடந்த அ.தி.மு.க. மாநாட்டில் புளியோதரை குவியல் குவியலாக மிஞ்சி மண்ணில் கிடந்தது. இன்னொரு மாநாட்டில் தண்ணீர்கூடக் கைக்கு வராமல் போகலாம். வீட்டில் கட்டிய புளிசாதமும் வேகவைத்த கடலையும் சாயங்காலம் வரை தாங்கும். தயிர்சாதம் வெயிலில் புளிக்கும், முட்டை கெடும்.

பந்தலில்

18. உள்ளே நுழைந்ததும் மேடையைப் பார்க்கும் முன் வெளியே போகும் வழியைப் பாருங்கள். ஓரமாக, தடுப்புக் கட்டைக்கு முட்டாமல், எல்.இ.டி. திரை தெரியும் இடமாக உட்காருங்கள். முன்வரிசைக்கு இடித்துக்கொண்டு போனவருக்குத் தலைவரின் கைதான் தெரியும். திரைக்கு எதிரே உட்கார்ந்தவருக்கு முகமும் தெரியும், பேச்சும் கேட்கும். ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் எதிரே மட்டும் வேண்டாம்.

19. “உள்ள போனதும் போன் பண்றேன்” என்பது நடக்காத காரியம். “எட்டு மணிக்குப் பெட்ரோல் பங்க் வாசலில்” என்று வேனை விட்டு இறங்கும்போதே பேசிவையுங்கள். உடன் வந்தவரின் எண்ணைத் தாளில் எழுதிப் பையில் வையுங்கள். போன் அணைந்தால் மனைவியின் எண்கூட நினைவுக்கு வராது, சோதித்துப் பார்த்திருக்கிறோம்.

20. இது மட்டும் இரண்டு முறை படியுங்கள். 2025 செப்டம்பர் 27 அன்று கரூர் வேலுச்சாமிபுரத்தில், த.வெ.க. பிரசாரக் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். மூன்றேகால் அடிக்கு மூன்றேகால் அடி இடத்தில் ஐந்து பேருக்கு மேல் நின்றால் அது ஆபத்தின் எல்லை. அந்த நிலையில் உங்கள் காலை நீங்களே நகர்த்த முடியாது, கூட்டம் நகர்த்தும். நாலு பக்கமும் தோள் இடிக்க ஆரம்பித்தால் தலைவர் வருவதற்குள் வெளியேறுங்கள். சிக்கிக்கொண்டால்: இரண்டு கையையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்து மூச்சுக்கு இடம் வையுங்கள். கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாதீர்கள். அலை ஓயும் நேரத்தில் குறுக்காக ஓரத்துக்கு நகருங்கள். கீழே விழுந்த போனை மறந்துவிடுங்கள். பக்கத்தில் யாராவது விழுந்தால் முதலில் அவரைத் தூக்குங்கள்.

21. மரம், டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர் சாரம், கட்-அவுட், எதிலும் ஏறாதீர்கள். அவற்றின் அடியிலும் நிற்காதீர்கள். பாரபத்தி மாநாட்டுக்கு முதல் நாள் நூறடிக் கொடிக்கம்பத்தை நிறுத்தும்போது அது சாய்ந்து ஒரு காரை நசுக்கியது. கொடி உயரப் பறக்கட்டும், நாம் சற்றுத் தள்ளி நின்று பார்க்கலாம்.

22. பெண்களுக்கு. கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் மயக்கத்துக்கு ஒரு காரணம். நுழைந்ததும் கழிப்பறை எங்கே என்று பார்த்து, கூட்டம் சேரும் முன் ஒரு தடவை போய்வாருங்கள். டிஷ்யூ, சின்ன சோப்பு, ஒரு டார்ச், துணைக்கு ஒரு ஆள். சேலையைவிடச் சுடிதார் வசதி. துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். சங்கிலியைத் தம்பி வீட்டிலேயே கழற்றி வையுங்கள்.

23. ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும். போகிற காரியமே இதுதான். விக்கிரவாண்டியில் இருமொழிக் கொள்கை, ஆளுநர் பதவி ஒழிப்பு, மதுரையில் தலைமைச் செயலகக் கிளை, பதநீருக்கு மாநில பானம் என்ற பெயர் என ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தார்கள். கூட்டணிக்கு வருகிறவர்களுக்கு ஆட்சியிலும் அதிகாரத்திலும் பங்கு என்று விஜய் அறிவித்தார். விசில் சத்தத்தில் பாதி போய்விடும், குறித்துக்கொண்டால் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘எப்படி?’, ‘பணம்?’ என்று இரண்டு கட்டம் போடுங்கள். பதில் வந்தால் எழுதுங்கள், வராவிட்டால் காலியாக விடுங்கள். பிரிட்டனில் எஸ்.என்.பி., பிளைட் கம்ரி போன்ற வட்டாரக் கட்சிகளின் மாநாட்டில் தீர்மானத்தை விவாதித்துப் பிரதிநிதிகள் ஓட்டுப் போடுகிறார்கள். நமக்கு அது புதிதில்லை. 1956 மே மாதம் திருச்சி மாநாட்டில், தேர்தலில் நிற்கலாமா வேண்டாமா என்று தி.மு.க. வந்தவர்களிடமே ஓட்டுப் பெட்டி வைத்துக் கேட்டது. நிற்கலாம் என்றவர்கள் 56,942 பேர். வேண்டாம் என்றவர்கள் 4,203 பேர். அடுத்த ஆண்டு தேர்தலில் நின்று 15 இடங்களில் ஜெயித்தார்கள். அந்த ‘வேண்டாம்’ ஓட்டையும் எண்ணிச் சொன்னார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது.

24. தலைவர் பேசி முடித்ததும் எழுந்து ஓடாதீர்கள். எல்லாரும் அந்த ஒரே நிமிடத்தில்தான் எழுவார்கள். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து மிச்சக் கடலையைத் தின்றுவிட்டு நோட்டைச் சரிபாருங்கள். வி.சாலையில் மாநாடு முடிந்த பிறகு சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் வண்டிகள் மணிக்கணக்கில் நின்றன. முதலில் ஓடியவரும் அங்கேதான் நின்றார். மறுநாள் காலை விமானம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் இதனால்தான்.

திரும்பும்போது

25. அம்மா கட்டிக் கொடுக்கும் பையை ஹீத்ரோ கண்ணால் பாருங்கள். நெய், பால்கோவா, இறைச்சி எதுவும் பிரிட்டனுக்குள் கொண்டுவரக் கூடாது. கறிவேப்பிலையும் தடைதான். இட்லிப் பொடி, வற்றல், அப்பளம், தேங்காய் கொண்டுவரலாம். கட்சித் துண்டை முதல் தடவை தனியாக ஊறவையுங்கள். சாயம் போகாத துண்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

26. கடைசியாக ஒன்று. உங்களிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட் என்றால், லண்டனில் இருந்தபடியே வெளிநாடு வாழ் வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம். படிவம் 6ஏ, தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரிக்குரிய தொகுதியில் பெயர் சேரும். என் கணவர் மாநாட்டுக்குப் போய்வந்து மூன்று மாதம் கழித்துத்தான் இதை நிரப்பினார். ஆனால் ஓட்டைத் தபாலில் போட முடியாது. ஓட்டுப்பதிவு அன்று அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் போய் நிற்க வேண்டும். அதனால் ஒரே ஒரு டிக்கெட்டுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், மாநாட்டுக்குப் போடாதீர்கள், ஓட்டுக்குப் போடுங்கள்.